அழுகிய கத்தரிக்காயில் ஒரு மருந்து இருந்தது தெரியுமா?

சீழே பிடிக்காத புண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? கீமோ ஏறிப் பத்துப் பன்னிரண்டு நாளான புற்றுநோயாளிக்கு அப்படித்தான் இருக்கும்! காலில் முள் குத்தியிருக்கும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். வீக்கம் இருக்காது, சீழ் இருக்காது, சிவப்புகூட லேசாகத்தான் தெரியும். ஏன் தெரியுமா? கிருமியோடு போராடிச் செத்த வெள்ளை அணுக்களின் குவியல்தானே சீழ்! நியூட்ரோபில் என்கிற அந்தப் போராளி அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்கவேண்டும். கீமோவுக்குப் பிறகு அவை 500க்கும் கீழே போய்விட்டால், செத்துக் குவிவதற்கு அங்கே அணுக்களே இல்லை. நிமோனியா வந்தால்கூட எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியக்கூடும்!

அந்த நேரத்தில் உடம்பு தருகிற ஒரே துப்பு, பல சமயம், காய்ச்சல்தான். 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே ஒரு முறை 101ஐத் தொட்டாலோ அது அவசர சிகிச்சைக்கு ஓடவேண்டிய நிலை. போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஏறியிருக்கவேண்டும் என்பது உலகம் முழுவதும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. எந்தக் கிருமி என்று ஆய்வகம் சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை. ரத்த மாதிரியை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "சாதாரணக் காய்ச்சல்தான், ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுப் படு, காலையில பாத்துக்கலாம்." அந்த மாத்திரை கிருமியைத் தொடாது, துப்பை மட்டும் அழித்துவிடும்! கீமோ எடுப்பவர் இருக்கும் வீட்டில் ஒரு தெர்மாமீட்டரும், நள்ளிரவிலும் எடுத்துப் பேசுகிற மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் இருந்தே ஆகவேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஒரு மருந்துக்கு வந்த கோரிக்கைதான் எய்ட்ஸுக்கு முதல் துப்புகளில் ஒன்றானது என்பது தெரியுமா? பென்டமிடின் என்றொரு மருந்து. அமெரிக்கா முழுவதற்கும் அதை இருப்பு வைத்திருந்த ஒரே இடம் அட்லாண்டாவில் இருக்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையம். நியூமோசிஸ்டிஸ் என்கிற அபூர்வ நிமோனியாவுக்கு அதைக் கேட்பார்கள். கேட்பவர்களும் எதிர்ப்பு சக்தி குலைந்த நோயாளிகளின் மருத்துவர்களாகத்தான் இருப்பார்கள். 1981இல் கோரிக்கைகள் கூடின. அதுவும் இளைஞர்களுக்கு, எதிர்ப்பு சக்தி குறைய எந்தக் காரணமும் தெரியாதவர்களுக்கு! மருந்தை அனுப்பும் வேலையில் இருந்த சாண்ட்ரா ஃபோர்டு என்ற பெண்மணி இதைக் கவனித்து மேலதிகாரியிடம் சொன்னார். அதே ஆண்டு ஜூன் 5ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு இந்த நிமோனியா வந்ததைச் சொன்ன சிறு அறிக்கை வெளியானது. உலகம் எய்ட்ஸைப் பற்றிப் படித்த முதல் அறிக்கை அதுதான். ஐந்தே ஆண்டில், 1986இல், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள்.

இந்த நியூமோசிஸ்டிஸ் எங்கோ காட்டிலிருந்து வருவதில்லை. பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே அதைச் சந்தித்துவிடுகிறார்கள், நமக்குத் தெரிவதே இல்லை! ஒட்டுண்ணி என்று வெகுகாலம் நம்பப்பட்ட அது ஒரு பூஞ்சை என்பது 1988இல்தான் தெரிந்தது. அதற்கும் முன்பே அதைத் தடுக்க வழி கிடைத்துவிட்டது என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். 1977இல் வால்டர் ஹியூஸ் என்ற மருத்துவர் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டார். வெற்று மாத்திரை சாப்பிட்ட 80 பிள்ளைகளில் 17 பேருக்கு அந்த நிமோனியா வந்தது. கோட்ரைமாக்சசோல் சாப்பிட்ட 80 பேரில்? ஒருவருக்குக்கூட வரவில்லை! இன்றைக்கும் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில், சிறுநீரக மாற்று வார்டில், ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் நீட்டப்படும் மலிவான மாத்திரை அதுதான். நோயே இல்லாதபோது எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது.

சரி, மண்ணுக்கு வாருங்கள். வாய் முழுக்க வெண்படலம் படர்ந்து, எச்சில்கூட விழுங்க முடியாமல் செய்கிற கேண்டிடா பூஞ்சையை அடக்கும் நிஸ்டாடின் எங்கே கிடைத்தது தெரியுமா? வர்ஜீனியாவில் ஒரு பால்பண்ணை மண்ணில்! நியூயார்க் நகரத்தில் எலிசபெத் ஹேசனும் ஆல்பனியில் ரேச்சல் பிரவுனும் மண்ணில் வளர்த்த நுண்ணுயிர்களைத் தபாலிலேயே அனுப்பி அனுப்பி ஆராய்ந்தார்கள். 1950இல் அறிவித்தார்கள். உரிமத் தொகையாக வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலரையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள் இந்த இரு பெண்களும். 1966இல் ஃபிளாரன்ஸ் நகரை வெள்ளம் மூழ்கடித்தபோது, நனைந்த ஓவியங்களில் பூஞ்சை படராமல் காக்கவும் இதே நிஸ்டாடின் போனது!

கருப்புப் பூஞ்சைக்காக 2021இல் நாம் அலைந்து தேடிய ஆம்போடெரிசின் மருந்தும் மண்தான்: வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றுப் பக்கத்து மண். கொரோனா இரண்டாம் அலையில் சர்க்கரை எகிறியவர்கள், ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்கள் என்று பலரைக் கருப்புப் பூஞ்சை பிடித்ததும், அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியதும் நினைவிருக்கும். அந்தப் பூஞ்சையும் மண்ணிலும் மட்கிய இலையிலும் வாழ்வதுதான்!

இதையும் கேளுங்கள். ஈஸ்டர் தீவின் மண்ணை 1964இல் அள்ளிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து பூஞ்சையைக் கொல்லும் ராபமைசினைப் பிரித்தெடுத்தார்கள். கொடுத்துப் பார்த்தால் அது எதிர்ப்பு சக்தியையே அடக்கியது! தொற்றை ஒழிக்கத் தேடிய பொருள், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மருந்தாக 1999இல் அங்கீகாரம் பெற்றது.

மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல்போன்ற புழு, குடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி ஓர் ஆயுள் முழுக்கத் தங்கும். மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்ட சயாம் மரண ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகளுக்கு, ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் இந்தப் புழு இருந்தது! ஸ்டீராய்டு கொடுத்தால் அது கட்டவிழ்ந்து உடம்பெல்லாம் பரவி உயிரையே குடிக்கலாம். அதிக அளவில் நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கும் முன் பரிசோதித்து, ஐவர்மெக்டின் கொடுத்துவிட்டால் போதும். அந்த ஐவர்மெக்டினும் ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணில் வந்ததுதான். அதற்காக 2015இல் சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெல்லுக்கும் நோபல்!

ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு குழந்தைக்குக் காவல் நிற்பது தெரியுமா? எதிர்ப்புப் புரதமே சுரக்காமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற மருத்துவர், திரும்பத் திரும்ப ரத்தத்தில் கிருமி ஏறி வந்த எட்டு வயதுச் சிறுவனுக்கு மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்த அந்தப் புரதத்தை மாதந்தோறும் ஊசியாகப் போட்டார். தொற்று நின்றது! இன்று அப்படித் தயாராகும் ஒவ்வொரு தொகுப்பிலும் குறைந்தது ஆயிரம் கொடையாளிகளின் பிளாஸ்மா இருக்கவேண்டும்.

தடுப்பு மருந்தும் சிலருக்கு ஆபத்தாகும். பிரிட்டனில் இத்தகைய குறைபாடுள்ள ஒருவர், சிறுவயதில் விழுங்கிய போலியோ சொட்டு மருந்தின் வைரஸை 28 ஆண்டுகளாக மலத்தில் வெளியேற்றி வந்தார்! மற்றவர்களுக்கு நல்லதே செய்யும் அந்த உயிருள்ள மருந்தை அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, அதே வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொட்டுக்குப் பதில் ஊசிதான். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யும் அப்படியே. முந்தைய குழந்தை காரணம் தெரியாத தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போடும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், தயங்கவே தயங்காதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நோயாளிக்கே போட்டதுபோல.

கத்தரிக்காய் என்ன ஆயிற்று என்கிறீர்களா? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2010இல் ஒரு மாணவி, அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் ஒன்றை எடுத்து வைத்தார். லண்டனில் இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்ட 15 வயதுப் பெண்ணுக்கு, காசநோய்க் கிருமியின் உறவான ஒரு கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காமல் அறுவைப் புண்ணிலும் தோலிலும் கல்லீரலிலும் பரவியபோது, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரகாம் ஹாட்ஃபுல் சேமித்து வைத்திருந்த அத்தகைய ஆயிரக்கணக்கான வைரஸ்களில் தேடினார். மூன்று தேறின. இரண்டின் மரபணுவை மாற்றவேண்டியிருந்தது. கத்தரிக்காய் வைரஸோ இருந்தபடியே கொன்றது! மூன்றையும் கலந்து ரத்தத்தில் ஏற்றினார்கள். 2019இல் வெளியான அறிக்கைப்படி நெஞ்சுப் புண் மூடியது, கல்லீரல் தேறியது, தோல் கட்டிகள் பெரும்பாலும் வடிந்தன. கிருமி முழுதாக ஒழியவில்லை. அதற்குப் பிறகு பல நாட்டு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் கிருமிகளை ஹாட்ஃபுல்லுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரின் கிருமிக்கும் ஏற்ற வைரஸைத் தனித்தனியாகத் தேடவேண்டியிருக்கிறது. பலருக்கு இன்னும் கிடைக்கவில்லை.