சிறு குழந்தைகளோடு நாட்டுப்புறத்தில் ஒரு வாரம்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அது ஊர்ப் பயணம். கொல்கத்தாவில் அலிப்பூர்ப் பகுதியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஹௌராவிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். விரைவு வண்டியிலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். சென்னையில் இறங்கிக் கும்பகோணத்துக்கோ திருநெல்வேலிக்கோ மீண்டும் ஒரு வண்டி. போய்ச் சேர்ந்தபின் திருமணம், காதணி விழா, குலதெய்வ வழிபாடு, உறவினர் வீடுகள். பதினைந்து நாள் விடுப்பில் மூன்று வயதுக் குழந்தை ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் நான்கு இரவு உறங்கியிருக்குமா என்பது ஐயமே.

இந்தப் பயணத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தாத்தா பாட்டியைக் காணாமல் குழந்தை வளரலாகாது. ஆயினும் அதனைக் குழந்தையின் விடுமுறை என்று கணக்கெழுதுவது பொருந்தாது. அது பெரியோர்களின் கடமை. குழந்தை உடன் வருகிறது, அவ்வளவுதான். அலிப்பூர்க் குழந்தைக்கு யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் தெரியும். 1876 முதல் அங்கே விலங்குக் காட்சிச் சாலை இருக்கிறதன்றோ? ஆனால் கதிர் சாய்ந்து நிற்கும் நெல்வயலை அது கண்டிராது. அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடையிலிருந்து என்று விடை கூறும். இன்னும் மூன்றாண்டு சென்றால் பள்ளிக்கூடம், பாடம், பரீட்சை என்று அதன் நாட்கள் நிறைந்துவிடும். காவிரிக் கரையையும் அறியாமல், தான் பிறந்த வங்கத்தின் வயல்களையும் அறியாமல் அந்தக் குழந்தை பெரியவனாகிவிடும். ஆகவே ஊர்ப் பயணத்துக்குப் புறம்பாக, ஆண்டுக்கு ஒரு வாரம் அருகிலுள்ள நாட்டுப்புறத்தில் தங்கும் வழக்கத்தை நாம் மேற்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

பிரெஞ்சு நாட்டினர் இதற்கு ஒரு நல்ல முறையைக் கண்டிருக்கிறார்கள். அந்நாட்டில் 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்புக் கிடைத்தது. ஆனால் விடுதிகளில் தங்கச் சாதாரணக் குடும்பங்களுக்கு வசதி ஏது? மறுபுறம், கிராம மக்கள் நகரங்களுக்குப் போய்விட்டபடியால் நாட்டுப்புறத்தில் பல வீடுகள் பாழாய்க் கிடந்தன. அவ்வீடுகளைச் செப்பனிட்டு விடுமுறைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு 1951-இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் தொடங்கியது. 1955-இல் நாடு தழுவிய சங்கமாயிற்று. ‘ஜீத்’ என்பது அந்த வீட்டுக்குப் பெயர். சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை திரும்புவது அங்கே பெருவழக்கு. வீட்டில் அடுப்பும் பாத்திரமும் இருக்கும். குடும்பத்தார் சந்தையில் வாங்கித் தாமே சமைத்துக்கொள்வார்கள். ஏழு நாளில் ஏழு ஊர் பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் தங்கி, அருகிலுள்ள ஓடையையும் பண்ணையையும் பார்க்கிறார்கள். சிறு குழந்தைக்கு வேண்டியதும் இதுதான்: மாறாத படுக்கை, வேளைக்கு ஆகாரம், ஓடுவதற்கு மண்.

வங்காளிகளுக்கும் இது புதிதன்று. ‘காற்று மாற்றம்’ என்று சொல்லிக்கொண்டு ‘மேற்கே’ போவது கொல்கத்தாக் குடும்பங்களின் பழைய வழக்கம். ஹௌராவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுபூர், அதற்கப்பால் ஜசிடி, சிமுல்தலா ஆகிய ஊர்களில் வசதியுள்ளோர் தோட்ட வீடுகள் கட்டி, சமையற்காரரையும் சாமான்களையும் உடன் கொண்டுபோய் வாரக்கணக்கில் தங்கினர். இன்று அவ்வீடுகளில் பல சிதைந்துவிட்டன.

நாட்டுப்புறத்துக்குக் கிளம்புமுன் ஒருநாள் ஒத்திகை பார்ப்பது நலம். அதற்கு நம் அருகிலேயே ஒரு பிரெஞ்சு ஊர் இருக்கிறது. ஹௌராவிலிருந்து உள்ளூர் வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் சந்தன்நகர் சேரலாம். புதுச்சேரியின் ஆளுநராக நாம் பாடப்புத்தகத்தில் படித்த டூப்ளே, 1742-இல் அங்கே போவதற்குமுன் இந்தச் சந்தன்நகரில்தான் நிர்வாகியாக இருந்தார். 1950-இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்து, 1954-இல் மேற்கு வங்கத்தோடு இணைந்தது இவ்வூர். ஹூக்ளி நதியின் கரையோரமாக நிழல் மரங்களும் அமரும் பலகைகளும் கொண்ட அகன்ற நடைபாதை இருக்கிறது. அங்கே போனால் குழந்தை எவ்வளவு நேரம் நடக்கிறது, எப்போது பசிக்கிறது, ரயிலில் எத்தனை மணி நேரம் பொறுக்கிறது என்பவை பெற்றோருக்குத் தெரிந்துவிடும்.

எங்கே தங்குவது? வீர்பூம் மாவட்டத்துப் போல்பூரை நாம் முதலாவதாகச் சொல்வோம். ஹௌராவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். விரைவு வண்டியில் இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம். அதாவது குழந்தையின் ஒரு பகல் தூக்கத்துக்குள் அடங்கும் பயணம். வர்த்தமானைத் தாண்டியதும் இருபுறமும் நெல்வயல். அஜய் நதியைக் கடந்தால் மண் சிவக்கத் தொடங்கும். பனைமரங்கள் தென்படும். தென்பாண்டிச் சீமைக்காரர்கள் தம் ஊருக்கே வந்துவிட்டதாக மகிழ்வார்கள். போல்பூரை அடுத்த சாந்திநிகேதனத்தில் 1901-இல் ரவீந்திரநாதர் பள்ளி தொடங்கியதும், அது 1921-இல் விசுவபாரதியாக வளர்ந்ததும், 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. பெரியவர்கள் அவற்றைப் பார்க்க விரும்புவது இயல்பு. புதன்கிழமை அங்கே வார விடுமுறை. வளாகத்துக்குள் செல்லும் விதிகள் அவ்வப்போது மாறுவதால் முன்னதாகக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு அருங்காட்சியகத்தைவிட ‘கோயாய்’ எனப்படும் செம்மண் ஓடைப் பள்ளங்கள் மேலானவை. மழைநீர் அரித்து உண்டான அந்தச் சிறு மேடுபள்ளங்களில் ஏறி இறங்குவதே அதற்கு ஒரு காலைப் பொழுதின் வேலை.

காலம் மிகமுக்கியம். சித்திரை வைகாசியில் வீர்பூமின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சிறு குழந்தைக்கு ஆகாது. மழைக்காலமும் அதையடுத்த பூஜை விடுமுறையும் கொசுக்காய்ச்சல் பரவும் காலம். கார்த்திகை நடுவிலிருந்து மாசித் தொடக்கம் வரை சரியான பருவம். மார்கழியில் கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கும் பௌஷ மேளாவின்போது கூட்டமும் வாடகையும் ஏறிவிடும். அந்த நாட்களைத் தவிர்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் போனால் அங்கே அறுவடையைக் காணலாம். தைப் பிறப்பை ஒட்டிப் போனால் பௌஷ சங்கராந்திக்கு வங்காளிகள் புத்தரிசி மாவிலும் ஈச்ச வெல்லத்திலும் செய்யும் பலகாரங்களை உண்ணலாம். நம் பொங்கலும் அதுவும் ஒரே பருவத்தின் கொண்டாட்டங்கள் என்பதைக் குழந்தைக்கு நாவினாலேயே உணர்த்திவிடலாம். புறப்படுமுன் அலிப்பூர் வானிலை அலுவலகத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துக்கொண்டால், இரவுக் குளிருக்கு எத்தனை கம்பளி ஆடை வேண்டும் என்பதும் தெளிவாகும்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். வாடகையையும் அறையின் அழகையும் கேட்கிறார்கள். குளத்தைப் பற்றிக் கேட்பதில்லை. வங்கத்து நாட்டுப்புறத்தில் வீட்டுக்கு வீடு ஒரு குளம். படியோ வேலியோ இல்லாமல் கொல்லைப்புறத்திலிருந்து நேரே நீரில் இறங்கும்படி அவை அமைந்திருக்கும். சுந்தரவனப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் குளத்தில் மூழ்கி இறப்பது பெரும் துயராக இருந்துவருகிறது. அவ்விபத்துகளில் பல, தாய் அடுப்படியில் இருக்கும் காலை வேளையில், வீட்டுக்கு மிக அருகிலேயே நேர்பவை. மூழ்கும் குழந்தை கூச்சலிடுவதும் இல்லை. ஆகவே வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: குளம் எத்தனை அடியில் இருக்கிறது, வேலி உண்டா, கொல்லைக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் உண்டா? திருப்தியான விடை கிடையாவிடில் வேறு வீடு பார்க்க வேண்டியதே. நல்ல வீடு கிடைத்த பின்னும், பெரியவர்களில் ஒருவர் முறை வைத்துக்கொண்டு குழந்தையை மட்டுமே கவனித்திருத்தல் வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கும்போதுதான் விபத்து நேர்கிறது.

கட்டிலில் நான்கு புறமும் செருகிய கொசுவலைக்குள் படுப்பது கொசுவுக்கு மட்டுமன்றிக் கட்டுவிரியன் பாம்புக்கும் காப்பாகும். குளிர்காலத்தில் பாம்பு நடமாட்டம் குறைவே. எனினும் தரையில் படுப்பதைத் தவிர்க்கலாம்.

குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுக்க வேண்டும். அப்படியும் வயிற்றுப்போக்குக் கண்டால் மருத்துவரிடம் போகும்வரை உடலில் நீர் வற்றாமல் காக்க வேண்டும். இதில் வங்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. கொல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலீப் மகலாநபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த நீரை வாய்வழியாகப் புகட்டச் செய்தார். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த மரணம் நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலின் வலிமையை நிலைநாட்டிய நிகழ்ச்சி அது. மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலங்களில் நான்கைந்தை எடுத்துச் செல்க. பொட்டலம் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கலக்க வேண்டும். உப்பு மிகுந்தால் தீங்கு.

ஆகாரத்தைப் பற்றித் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய குக்கர், பருப்புப்பொடி, ரசப்பொடி, ஒரு புட்டி நல்லெண்ணெய் இவை போதும். சின்னக் குழந்தைக்குக் குழைத்து ஊட்டக் கோவிந்தபோக் அரிசி மிக நன்று; அங்கேயே கிடைக்கும். தயிர் வாங்கும்போது மட்டும் ‘டக் தோய்’ என்று புளித்தயிரைக் கேட்டு வாங்குக. வெறுமனே தயிர் என்று கேட்டால் சர்க்கரை சேர்த்த தயிர் வந்துசேரும். அதைச் சோற்றில் பிசைந்து உப்பும் போட்டபின் வீட்டில் எழும் பேச்சை நாம் இங்கே வருணிக்க வேண்டாம்.

நாளின் அமைப்பில் ஒரு விதியைக் கைக்கொள்ளலாம்: காலையில் ஒரே ஓர் இடம், பகலில் உறக்கம், மாலையில் வீட்டைச் சுற்றி. கோபாய் நதிக்கரை ஒரு நாள். பல்லவ்பூர் மான் சரணாலயம் ஒரு நாள். சோனாஜுரி மரங்களின் கீழ்க் கூடும் சந்தை ஒரு நாள். ‘டோட்டோ’ எனப்படும் மின்கல வண்டி எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்விடும். எங்கும் போகாமல் இருக்க இரண்டு நாட்களையேனும் ஒதுக்குக. அருகிலுள்ள சந்தாலர் சிற்றூர்களின் மெழுகிய மண்சுவர்களும் கோலம்போன்ற சித்திரங்களும் கண்ணைக் கவரும். அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். கேளாமல் முற்றத்தில் நுழைவதும் படமெடுப்பதும் தகா. நம் வீட்டு வாசலில் அயலார் அவ்வாறு செய்தால் பொறுப்போமா?

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டியதில்லை. இருக்கை தனியாக வேண்டுமானால் முழுக் கட்டணம். மூன்று மணி நேரப் பயணந்தானே என்று மடியில் வைத்துக்கொள்வதைவிட, இரண்டு குழந்தைகளுக்கு ஓர் இருக்கையேனும் வாங்குவது நன்று. அரசு அலுவலர்கள் விடுப்புப் பயணச் சலுகையை இதற்குச் செலவிடாமல் ஊர்ப் பயணத்துக்கு வைத்துக்கொள்வதே சிக்கனம். திரும்புவதற்குப் பிற்பகல் வண்டியே ஏற்றது. அலிப்பூர் வீட்டை இருட்டுமுன் அடைந்து, மறுநாள் ஒரு நாளையும் விடுப்பாகவே வைத்துக்கொண்டால், செம்மண் படிந்த துணிகளைத் துவைக்கவும், பெட்டியடியில் குழந்தை ஒளித்துவைத்த கூழாங்கற்களையும் நெற்கதிரையும் ஜன்னலில் வரிசையாக அடுக்கவும் நேரமிருக்கும்.