நகரும் விண்மீனை அளப்போம்!



வடக்கனந்தலில் ஒரு மாலை. சூரியன் கல்வராயன் மலைக்குப் பின்னே மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தென்மேற்கே மலைக்கு மேல் ஓர் ஒளிப்புள்ளி கிளம்பி உச்சி வானை நோக்கி வந்தது. "விமானம்" என்றான் பக்கத்து வீட்டு அண்ணன். "இல்லை, செயற்கைக் கோள்" என்றாள் தங்கை. "நீங்களே சொல்லுங்கள், சார்!" என்றார்கள். "உங்கள் கையையே கேளுங்கள்" என்றேன்.

விமானத்தில் சிவப்பு, பச்சை விளக்குகளும், விட்டு விட்டு மின்னும் விளக்கும் உண்டு. செயற்கைக் கோளில் நாம் காண்பது விளக்கன்று. அதன்மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியே. நமக்கு இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் இருக்கிறது. ஆகவே அது பெரும்பாலும் மின்னாமல் சீராகச் செல்லும்.

அதன் உயரத்தை எப்படி அறிவது? கையை முழுதும் நீட்டி விரல்களை மடக்குங்கள். மூடிய கையின் அகலம் வானில் ஏறத்தாழ 10 டிகிரி. புள்ளி உச்சிக்கு வரும்போது அந்த அகலத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள்.

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 7.7 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அவ்வுயரத்தில் 10 டிகிரி என்பது சுமார் 70 கி.மீ. எனவே 9 விநாடி ஆகும். 800 கி.மீ. உயரத்தில் செல்லும் கோளுக்கோ தூரம் 140 கி.மீ.; வேகமும் சற்றுக் குறைவு. ஆகவே 19 விநாடி ஆகும். திசையையும் கவனியுங்கள். வடக்கு தெற்காகச் செல்பவற்றுள் பல, பூமியைப் படமெடுக்கும் தொலையுணர்வுக் கோள்கள்.

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏவப்பட்டது. அதையடுத்து நைனிடால் வானாய்வகத்தில் செயற்கைக் கோள்களைப் படமெடுக்கத் தனிக் கேமராவே நிறுவினார்கள். அங்கே குறிக்கப்பட்டவையும் இவ்விரண்டே: எந்த நேரத்தில், எந்த இடத்தில்? உங்கள் நோட்டிலும் இவ்விரண்டையும் குறியுங்கள்.

அன்று தங்கை எண்ணினாள், ஒன்பது! அண்ணன் ஒப்புக்கொண்டான். அதற்குள் புள்ளி வடகிழக்கே மங்கி, நடுவானிலேயே மறைந்துவிட்டது. மேகம் ஏதுமில்லை. பின் எங்கே போயிற்று?

பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. நாம் நிற்கும் இந்தப் பூமியின் நிழல் வானில் எங்கே விழுகிறது என்பதை, மொட்டை மாடியில் நின்றே அவர்கள் கண்டுவிட்டார்கள். இன்று மாலை நீங்களும் காணலாமே!