காற்று போகும் வழியில்: தென்கோடியில் ஒரு செலவில்லாச் சுற்று

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களிலும் இயற்கை வைத்திருக்கும் காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. குற்றாலத்தில் குளிக்கக் காசு கேட்க மாட்டார்கள். தாமிரபரணியில் இறங்கக் கேட்க மாட்டார்கள். தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் மாலை முழுவதும் நடந்தாலும் யாரும் வந்து நிறுத்தப் போவதில்லை. ஆனாலும் இந்தப் பக்கம் வந்துவிட்டு மனம் நொந்து திரும்புகிறவர்கள் நிறைய. மார்ச் மாதத்தில் குற்றாலத்துக்கு வந்து காய்ந்த பாறையைப் பார்ப்பார்கள்; பறவைகள் எல்லாம் கிளம்பிப் போனபின் கூந்தன்குளத்துக்குப் போய் நிற்பார்கள். கையில் குறைவான பணத்தோடு கிளம்புகிறவர் விடுதி வாடகையை விசாரிப்பதற்கு முன்னால் மாதத்தைப் பார்க்க வேண்டும். மாதம் சரியாக அமைந்துவிட்டால் மற்றச் செலவுகள் தாமாகவே அடங்கிவிடும்.

மாதத்தைத் தீர்மானிப்பது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, சுமந்துவந்த மழையில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் நாம் மழை மறைவுப் பகுதி. ஆனால் மலைச்சுவர் தெற்கே இரண்டு இடங்களில் தாழ்ந்து வழிவிடுகிறது: செங்கோட்டை அருகே ஒரு கணவாய், ஆரல்வாய்மொழியில் இன்னொன்று. செங்கோட்டை வழியாக நுழையும் காற்று மிச்சமிருக்கும் ஈரத்தைச் சாரலாகத் தூவுகிறது. ஆரல்வாய்மொழி வழியாக நுழைவது காய்ந்த காற்று. வேகம் மட்டும் குறையாதது. முதலாவது குற்றாலத்தைக் கொடுத்தது, இரண்டாவது தேரியைக் கொடுத்தது. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கும் அந்த இரண்டாவது காற்றே காரணம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பயணத் திட்டத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆனி, ஆடி மாதங்களில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குற்றாலத்தில் தொடங்குங்கள். தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று ஆளுக்கொரு பிடித்த அருவி இருக்கும். எனக்குப் பேரருவிதான். சிற்றாறு உச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பாறையில் குடைந்திருக்கும் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்து, அகலமாகப் பரவிக் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் இவ்வளவு உயரத்திலிருந்து வரும் தண்ணீருக்கு அடியில் மனிதர் நிற்கவே முடியாது. கூட்டத்தில் முண்டியடித்து உள்ளே போவதற்கு முன் சற்றுத் தள்ளி நின்று அந்த இடத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

சீசன் நேரத்துச் சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். அறை வாடகை ஏறியிருக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அருவிக்கரையில் வரிசை நகராது. செவ்வாய், புதன் கிழமைகளில் விடியற்காலையில் போனால் அதே தண்ணீர், பாதிக்கூட்டம். தங்குவதற்குக் குற்றாலத்தைவிடத் தென்காசி ஊருக்குள் வாடகை குறைவாக இருக்கும். வண்டி நிறுத்தும் கட்டணத்துக்கு மட்டும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு அருவியில் தடை. அந்தத் தடை நல்லது. நாம் குளித்துவிட்டு அனுப்பும் தண்ணீர் கீழே வயலுக்கும் குளத்துக்கும் போகிறது.

ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அருவியடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலைக்குள் மழை கொட்டியிருக்கலாம். அந்த வெள்ளம் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையனை இழுத்துப்போனது. சீசன்கூடத் தொடங்காத நேரம் அது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும்போதெல்லாம் போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள். தடை போட்டால் வாக்குவாதம் வேண்டாம். தண்ணீரின் நிறம் கலங்கி, இலைதழை மிதந்து வந்தால் யாரும் சொல்லக் காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். மேலே இருக்கும் செண்பகாதேவி அருவியும் தேனருவியும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளவை. குறுக்குவழியில் ஏறிப்போகிற முயற்சியே கூடாது.

தென்காசியைச் சுற்றிச் சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்திருக்கும். மேற்கே மேகம் மூடிய மலை, முன்னால் மஞ்சள் வயல். சாலையோரத்தில் நின்று பார்த்தாலே கண் நிறைந்துவிடும். வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கப் போகிறவர்கள் மிதிப்பது ஒரு விவசாயியின் விளைச்சல். சில வயல்களில் உரிமையாளர்கள் சிறு கட்டணம் கேட்கிறார்கள். கேட்பது நியாயம், கொடுங்கள்.

அங்கிருந்து மலையடிவாரத்தை ஒட்டியே தெற்கே வந்தால் அம்பாசமுத்திரம், பாபநாசம். எது இலவசம், எது இல்லை என்று பிரித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. அகத்தியர் அருவியும் மணிமுத்தாறு அருவியும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது, 1988-இல் அறிவிக்கப்பட்டது. சோதனைச்சாவடியில் ஆளுக்கும் வண்டிக்கும் கட்டணம் உண்டு, நேரக் கட்டுப்பாடு உண்டு, சில நாட்களில் அனுமதியே இருக்காது. கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர் இதை விட்டுவிட்டால் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார். பாபநாசம் கோயிலுக்கு முன்னால் இருக்கும் படித்துறைக்குப் போங்கள். பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடுகிற இடம் அது. தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்நாட்டிலேயே, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிற ஆறு. கோடையிலும் ஓடுகிற ஆறு. அதன் குளிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்கிற கரை இதுதான்.

பரிகாரம் என்று சொல்லி உடுத்தியிருந்த துணியை இங்கே ஆற்றில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் பரவியிருக்கிறது. துணி பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ளும், குளிக்கிறவர் காலைச் சுற்றும், மீன்கள் வாழ்கிற இடத்தை மூடும். டன் கணக்கில் அள்ளி எடுத்தும் தீரவில்லை. ஆற்றுக்கு எந்தப் பாவத்தையும் நீங்கள் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். துணியை வீட்டுக்கே கொண்டுபோங்கள்.

இனிச் செலவைப் பார்ப்போம். திருநெல்வேலியில் தொடங்கித் தென்காசி, குற்றாலம், அம்பை, பாபநாசம், மறுபடி நெல்லை. அங்கிருந்து சாத்தான்குளம், திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரி, ஆரல்வாய்மொழி வழியாக நெல்லை. ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வரும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கில் பத்து லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிற விலையில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டு பேர் பங்கு போட்டால் பாதி. வண்டி இல்லாதவர்களுக்கு நெல்லை–செங்கோட்டைப் பாசஞ்சர் ரயில் இருக்கிறது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை, கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று வயலுக்கும் மலைக்கும் நடுவே போகும் பாதை; ரயில் பயணமே பாதிச் சுற்றுலா. பெண்களுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் டிக்கெட் இல்லை. ஊர் ஊராக அந்தப் பேருந்துகளில் மாறி மாறிப் போகிற பொறுமை இருந்தால் ஒரு பெண் இந்தச் சுற்றின் கணிசமான பகுதியைக் காசில்லாமலே முடிக்கலாம். தனியார் வண்டிக்கும் விரைவுப் பேருந்துக்கும் அது பொருந்தாது; ஏறும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சுற்றில் மற்றவர்கள் தவறவிடுகிற, ஆனால் நான் முதலிடம் கொடுக்கிற இடம் தேரிக்காடு. சாத்தான்குளத்திலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், காயாமொழி, தேரிக்குடியிருப்பு, குதிரைமொழி என்று ஊர்கள் வரும்போது சாலையின் இருபுறமும் மண் சிவக்கத் தொடங்கும். பிறகு மேடுமேடாக எழும். பாலைவனம் என்று பலர் எழுதுகிறார்கள். பாலைவனமே இல்லை, மழை பெய்கிற, மரங்கள் நிற்கிற மணற்காடு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்த காற்று, பருவநிலை வறண்டிருந்த பழங்காலங்களில் உள்நாட்டுச் செம்மண்ணை அள்ளிக்கொண்டுவந்து கடற்கரை ஓரமாகக் குவித்ததால் உண்டான மேடுகள் என்பது நிலவியலாளர்கள் தரும் விளக்கம். ஒவ்வொரு மணல்துகளின் மேலும் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. காற்று இன்றைக்கும் வேலையை நிறுத்தவில்லை. ஆனி, ஆடியில் போனால் மேட்டின் முதுகில் மணல் புகையாகக் கிளம்பி நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். முந்தின நாள் பதிந்த காலடி மறுநாள் இருக்காது.

பெய்கிற மழையை இந்த மணல் நிற்கவிடாமல் குடித்துவிடுகிறது. குடித்த தண்ணீர் அடியில் தங்கி, மேட்டின் ஓரத்தில் தாழ்வான இடத்தில் சுனையாக வெளிவருகிறது. மேலப்புதுக்குடி அருகே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அப்படி ஒரு சுனை உண்டு. சிவந்த மணலில் நடந்து நாக்கு வறண்டபின் அந்தப் பசுமையைப் பார்க்கிறவருக்கு, கோயில் ஏன் அங்கே வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தேரியில் பனை நிற்கிறது, உடைமரம் நிற்கிறது, முந்திரி நிற்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்களும் இங்கே இருந்திருக்கிறார்கள். அவர்கள் செதுக்கிய நுண்கற்கருவிகள் தேரிகளில் கிடைத்தன. தொல்லியலாளர்கள் ஃபிரடெரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். செதுக்கிய கல்துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் பாருங்கள், எடுக்காதீர்கள்.

தேரிக்குக் காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நான்கரைக்குப் பிறகு போங்கள். சாய்ந்த வெயிலில்தான் சிவப்பு எழும். நடுப்பகலில் நிறமும் வெளிறிவிடும், மணலும் கொதிக்கும். செருப்பு கட்டாயம். வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கினால் சக்கரம் புதையும். வெகுதூரம் உள்ளே போய்விட்டால் எல்லா மேடும் ஒன்றுபோல் தெரியும் என்பதால், சாலையோரத்துப் பனை எதையாவது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பதநீர்க் காலத்தின் கடைசியில் வந்தால் வழியில் கலயத்தோடு விற்கிறவர்கள் இருப்பார்கள். உடன்குடி பக்கத்திலேயே இருப்பதால் வீட்டுக்குக் கருப்பட்டி வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

திருச்செந்தூரில் கோயில் சார்ந்த விடுதிகளில் குறைந்த வாடகையில் தங்கலாம், விழா நாட்களைத் தவிர. அங்கிருந்து குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாடு. கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றின்மேல் திருச்சிலுவைத் தேவாலயம். 1542-இல் வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கியிருந்த குகை குன்றின் அடியில் இருக்கிறது. ஆடிக் காற்றில் தென்புறம் அலை சீறிக்கொண்டிருக்கும்போதும், குன்று மறைக்கிற வடபுறம் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். மீனவர்கள் படகுகளை நிறுத்தும் பக்கத்தைப் பார்த்தாலே இது விளங்கும். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கக் கட்டணமில்லை. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு மட்டும் உண்டு. ஆனால் ஆனி, ஆடியில் மேகம் மறைப்பது சாதாரணம். அந்த மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து நிலத்தின் பக்கம் மறைவதால், கடலில் அஸ்தமனமும் கிடைக்காது. அதை ஜனவரியில் வந்து பாருங்கள்.

அந்தப் பருவத்துக்கென்று இன்னொரு சுற்றே இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்து, இந்தச் சாலைகள் பலவும் அறுந்து கிடந்தன. மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்தபின், தையும் மாசியும் பறவைகளின் மாதங்கள். நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கூந்தன்குளத்துக்கு அப்போது போங்கள். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற குளம். பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து எல்லாம் வருகின்றன. குளத்து மரங்கள் போதாமல் ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. தெருவில் நின்று தலையைத் தூக்கினால் கூட்டில் குஞ்சு தெரியும். பறவைகள் மிரளும் என்று ஊர்மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது. இருநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். கூடு இருக்கிற மரத்தடியில் சத்தம் போடாமல், பளிச்சென்ற நிறச் சட்டையைத் தவிர்த்து, காலை ஆறு மணிக்கே அங்கே இருங்கள். ஊர் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, இந்த வாரம் எந்தக் கரையில் கூட்டம் அதிகம் என்று கேட்டால் அவர்களே வழி சொல்வார்கள்.