டவர் தூரமா? பேச்சைக் குறையுங்க!

"வீட்டுக்குப் பக்கத்துல டவர் வைக்கிறாங்களே டாக்டர், ஆபத்தா?" என்று கேட்கிறீர்கள். முதலில் காதோரம் இருக்கும் செல்போனைக் கவனியுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியோ நிலையம்தான். உங்கள் குரலை எண்களாக்கி, ரேடியோ அலையில் ஏற்றி டவருக்கு அனுப்புகிறது. டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசும். தூரத்தில் இருந்தால் தொண்டை கிழியக் கத்தும். ஆக, சிக்னல் ஒற்றைக் கோடாகத் தேயும்போதுதான் தலையில் படும் அலை அதிகம்!

பயம் வேண்டாம். எக்ஸ்ரே போல மரபணுவை உடைக்கும் சக்தி இதற்கில்லை. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைச் சந்தேகப் பட்டியலில்தான் வைத்தது. சிக்னல் குறைந்த இடத்தில் சுருக்கமாகப் பேசுங்கள், ஸ்பீக்கரைப் போடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களா? போன் சட்டைப்பையில் வேண்டவே வேண்டாம்; 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும்.