ஸ்பானருக்கு எட்டாத மோட்டார் சைக்கிள்

தலைநகர் தில்லியின் கரோல் பாக் பகுதியில் மோட்டார் சைக்கிள் உதிரி பாகக் கடைகளும் பழுது பார்க்கும் பட்டறைகளும் நெருக்கியடித்து நிற்கும் சந்துகளுக்கு, 2023 ஜூன் மாதக் கடைசியில் எதிர்பாராத விருந்தாளி ஒருவர் வந்தார். மக்களவை உறுப்பினர் பதவியை இழந்திருந்த ராகுல் காந்தி, மெக்கானிக்குகளுடன் அமர்ந்து, கையில் கருவியுடன் ஒரு வண்டியின் பாகங்களைக் கழற்றிப் பார்த்தார். தன்னிடமும் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, பாதுகாவலர்கள்தான் ஓட்ட விடுவதில்லை என்று அவர் சொன்னதும் செய்தியாயிற்று. ஆளும் தரப்பு அதை நாடகம் என்றது. ஆதரவாளர்கள் எளிமை என்றனர். அவர் கையில் இருந்த கருவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேசியிருக்க வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் குறைவானவற்றில்தான் இருசக்கர வாகனம் இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் என உயர்ந்தது. கார் வைத்திருப்போர் நூற்றுக்கு எட்டைக்கூட எட்டவில்லை. 2024-25 நிதியாண்டில் மட்டும் உள்நாட்டில் சுமார் 1.96 கோடி இருசக்கர வாகனங்கள் விற்பனையாயின. ஆகவே மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பராமரிப்பது என்பது சிலரது பொழுதுபோக்கு அல்ல; பால் கணக்கு, மளிகைக் கணக்குடன் சேர்ந்த குடும்பக் கணக்கு. உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் இளைஞனுக்கோ, வண்டி பட்டறையில் நிற்கும் நாள் கூலி இல்லாத நாள்.

இதற்குத் தேவையான கருவிகள் அதிகம் இல்லை. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது முதல், ஜப்பானிய வடிவமைப்பே இந்தியச் சாலைகளில் மேலோங்கியது. அதனால் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் ஸ்பானர்கள் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கடையில் விற்கும் முழு செட்டில் 9-ம் 11-ம் துருப்பிடிக்கும் வரை பயன்படாமல் கிடப்பதைப் பலரும் அறிவர். வாய் திறந்த ஸ்பானரைவிட ரிங் ஸ்பானரே நல்லது. முன்னது வழுக்கினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும், பிறகு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். கூட்டல் குறித் தலை கொண்ட திருகுகளுக்கும் பொருத்தமான நுனியுள்ள திருப்புளி அவசியம். அளவு பொருந்தாத ஒன்றை வைத்து அழுத்தித் திருகி, தலையைச் சிதைத்துவிட்டுப் பிறகு உளியும் சுத்தியலும் தேடுவது இந்திய வீடுகளில் வழக்கமான காட்சி.

இவற்றுடன் ஒரு பிளக் ஸ்பானர், குறடு, ஆலன் கீ செட், டயரின் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், எண்ணெய் வடிக்க ஒரு தட்டு, ஒரு புனல். டேப்பட் சரிசெய்யத் துணிபவர்களுக்கு ஃபீலர் கேஜ் வேண்டும். சிறிய என்ஜின்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள்தான், கண்ணால் பார்த்து வைக்கக் கூடியதல்ல. வசதி உள்ளவர்கள் டார்க் ரெஞ்சும் வாங்கலாம். என்ஜினின் அலுமினிய உடலில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் பல முறை எண்ணெய் மாற்றிவிடலாம்.

அதிகம் புறக்கணிக்கப்படுவது செயின். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான சாதாரண வண்டிகளில் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும். மிஞ்சினால் பின் சக்கர அச்சின் நட்டைத் தளர்த்தி, இரு பக்கத்துச் சரிசெய்யும் நட்டுகளையும் ஒரே கோட்டுக்கு வரும்படி திருக வேண்டும். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் சக்கரம் கோணலாக ஓடும். மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு துடைத்து, கியர் ஆயில் இட்டால் வேலை முடிந்தது. அரை மணி நேரம்.

எண்ணெய் மாற்றுவதும் அவ்வளவே. ஆனால் வடித்த கறுப்பு எண்ணெயை எங்கே கொட்டுவது? பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களிடம் ஒப்படைக்கும் விதிகள் 2024 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தன. ஒரு லிட்டர் டப்பாவுடன் தெருமுனையில் நிற்கும் குடிமகனை அந்த விதிகளை எழுதியவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. அது சாக்கடைக்கே போகிறது.

இந்தக் கருவிப் பெட்டியின் கதையில் பெரிய திருப்பம் 2020 ஏப்ரல் 1-இல் நேர்ந்தது. பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் அன்று நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. அதற்குப் பின் பி.எஸ். 4 வாகனம் எதையும் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தீர்ப்பளித்திருந்தது. கார்புரேட்டர் ஏறக்குறைய முற்றாக மறைந்தது. அதன் இடத்தில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதற்கு ஆணையிடும் மின்னணுப் பெட்டி, தகவல் தரும் உணரிகள். தில்லியின் குளிர்காலப் புகையில் மூச்சு விட்டவர்கள் யாரும் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். கார்புரேட்டரின் ஊசியைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, திருகைக் கால் சுற்று திருப்பி ‘ஐடிலிங்’ வைத்த கைகளுக்குத்தான் வேலை போயிற்று.

புதிய வண்டிக்குப் புதிய கருவிகளும் தேவைப்படுகின்றன. முதலாவது, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர். பழைய வண்டியில் பேட்டரி செத்தாலும் கிக் அடித்துக் கிளப்பலாம். இன்ஜெக்டர் வண்டியில் எரிபொருள் பம்ப்பே மின்சாரத்தில் ஓடுவதால், பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் உதைத்துப் பயனில்லை. பல வண்டிகளில் உதைக்கக் கிக்கரும் இல்லை. ஓய்வில் நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் கவலை இல்லை; 12-க்குக் கீழே போனால் எச்சரிக்கை. மல்டிமீட்டரை எவரும் வாங்கலாம்.

இரண்டாவது கருவியில்தான் சிக்கல். என்ஜினில் கோளாறு என்றால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். என்ன கோளாறு என்பதை மின்னணுப் பெட்டி ஒரு குறியீடாகப் பதிந்து வைத்திருக்கும். 2023 ஏப்ரல் முதல் இந்தத் தற்கண்காணிப்பு ஏற்பாடு மேலும் கடுமையாக்கப்பட்டது. அந்தக் குறியீட்டைப் படிக்கும் சாதனத்தை நிறுவனங்கள் தம் அங்கீகாரம் பெற்ற பணிமனைகளுக்குத் தருகின்றன. பல நிறுவன வண்டிகளையும் படிப்பதாகச் சொல்லும் சாதனங்கள் வெளிச்சந்தையில் உண்டு. ஆனால் படிப்பது வேறு, பாகத்தை மாற்றியபின் பெட்டிக்கு அதை அறிமுகப்படுத்துவது வேறு. மின்சுற்று வரைபடமோ, குறியீட்டின் பொருளோ இல்லாமல் ஸ்பானர் வைத்திருப்பவர், சாவி இல்லாமல் பூட்டின் முன் நிற்பவரே.

இந்தப் பூட்டு ஒருமுறை அசைக்கப்பட்டது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்கள், பழுதறியும் கருவிகள், கையேடுகள் ஆகியவற்றை வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்யுமாறு ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. மூன்று நிறுவனங்களின் வழக்கில் 2016-இல் தீர்ப்பாயம் குற்றத்தை உறுதி செய்து அபராதத்தைக் குறைத்தது. அவை அனைத்தும் கார்கள். நாட்டின் பாதி வீடுகளில் நிற்கும் இருசக்கர வாகனம் அந்த வழக்கில் இல்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ குறித்துக் குழு ஒன்றை அமைத்தபோது நம்பிக்கை பிறந்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் இடம் பெற்றன. அந்த ஆண்டு டிசம்பர் 24-இல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. ஆனால் தகவலைத் தந்தே தீர வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அதன் பின்னால் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாக்காளர்கள் இப்படியொரு வாகனச் சட்டத்தை 2012-இலேயே வாக்களித்துப் பெற்றனர். அங்கே அது தேர்தல் நாள் விவகாரம். இங்கே துறைச் செயலாளர்களின் கோப்பு.

கருவிப் பெட்டிக்கு அரசு பணமும் தருகிறது. 2023 செப்டம்பர் 17-இல் பிரதமர் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், கைவினைஞர் ஒருவருக்குக் கருவிகள் வாங்க 15 ஆயிரம் ரூபாய் வரை உண்டு. விஸ்வகர்மா பூஜை நாளான அன்று, நம் ஊர் ஆயுத பூஜை போலவே வட இந்தியப் பட்டறைகளில் ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்து வணங்குவார்கள். திட்டத்தில் 18 தொழில்கள் இடம் பெற்றன. கொல்லர், பூட்டுத் தொழிலாளி ஆகியோருடன், சுத்தியலும் கருவிப் பெட்டியும் செய்பவரும் அதில் உண்டு. அந்தக் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துப் பிழைக்கும் மோட்டார் மெக்கானிக் அந்தப் பட்டியலில் இல்லை.

பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என மதிப்பெண் இடும் குறியீட்டுக்காக அமைந்த மற்றொரு குழு, 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. கைபேசிகளும் மின்னணுச் சாதனங்களுமே அதன் வரம்பு. மோட்டார் சைக்கிள் அதிலும் சேரவில்லை.