நோர்வே மலையில் மான் வேட்டை: எதற்கு முதலில் செலவழிப்பது?

நோர்வேயில் காட்டு ரெயின்டியர் வேட்டை ஓகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கி செப்ரெம்பர் 30 வரை நடக்கும். செப்ரெம்பர் 1 முதல் மேற்குக் கரையோர மலைகளில் செம்மான் வேட்டையும் ஆரம்பித்துவிடும். இந்த வாரங்களில் வேலைத்தலங்களில் பலர் விடுமுறை கேட்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்பெல்லாம் அது 'அவர்களுடைய' விடயம். இப்போது இங்கே பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளும் மருமக்களும் சக ஊழியர்களோடு மலைக்குப் போகிறார்கள். வேட்டைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். பிறகு ஒருநாள் கடை விலைப்பட்டியலோடு வீட்டில் வந்து நிற்கிறார்கள்.

பெற்றோராகிய எமக்கு அப்போது இரண்டு கவலைகள் வரும். ஒன்று துவக்கு, மற்றது பணம். இரண்டையும் பற்றிப் பேசுவோம். கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்குத் தெரிந்த முறையில், எந்தப் பொருள் எவ்வளவு ஆபத்தைக் குறைக்கிறது என்று வரிசைப்படுத்துவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

துவக்கைப் பற்றி முதலில்

எங்கள் தலைமுறைக்குத் துவக்கு என்றால் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, இரவில் கதவு தட்டும் சத்தம். அந்த நினைவு உள்ள வீட்டில் ஒரு பிள்ளை "துவக்கு வாங்கப் போகிறேன்" என்றால் தாயின் முகம் மாறுவது இயல்பு. அதைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே நடைமுறை எப்படி என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நாட்டில் வேட்டையாட முதலில் கட்டாய வகுப்புக்குப் போய்ப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மான் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு மேலாக, ஒவ்வோர் ஆண்டும் சுடும் தேர்வு உண்டு. 30 பயிற்சிச் சூடுகள் சுட்டபின், 100 மீற்றர் தூரத்தில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து சூடுகளும் விழ வேண்டும். துவக்கு வாங்கப் பொலிஸாரின் அனுமதி வேண்டும். வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும். இவை எல்லாம் முடிந்தபின்தான் கடைக்கணக்கு.

ரெயின்டியருக்கும் செம்மானுக்கும் குண்டின் எடை 9 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. 6.5 x 55, .308, .30-06 ஆகிய வழமையான அளவுகளில் இதற்குப் பொருத்தமான குண்டுகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். பழைய, நன்றாகப் பராமரித்த துவக்கு ஒன்று போதும். புதியதற்கும் பழையதற்கும் இடையில் உள்ள விலை வித்தியாசத்தைப் பயிற்சிக் குண்டுகளுக்குச் செலவழித்தால் அதன் பலன் அதிகம். சரியாகச் சுடாவிட்டால் மான் காயத்தோடு ஓடும். அதைத் தேடிப் போவது வேட்டைக்காரனின் சட்டக் கடமை.

மலையில் எது ஆளைக் கொல்லும்?

ஹார்டங்கர்விட்டா ஐரோப்பாவின் மிகப்பெரிய மலைச் சமவெளி. பெரும்பகுதி 1100 மீற்றருக்கு மேலே மரமில்லாத வெளி. உயரம் 100 மீற்றர் கூடக்கூட வெப்பநிலை ஏறத்தாழ 0.65 பாகை குறையும். பேர்கனில் 15 பாகை இருக்கும்போது 1200 மீற்றரில் 7 பாகை அளவுதான் இருக்கும். அதோடு மழையும் காற்றும் சேர்ந்தால், பனி விழாமலேயே உடல் விறைத்துவிடும். ஓகஸ்ட் கடைசியில் பகலில் வெயிலும் அதே இரவில் உறைபனியும் வரலாம்.

அந்த வெளி எவ்வளவு திறந்தது என்பதற்கு ஒரு செய்தி போதும். 2016 ஓகஸ்ட் மாதம் அங்கே ஒரே இடிமழையில் 323 ரெயின்டியர்கள் மின்னலால் செத்துக் கிடந்தன. ஒதுங்க மரமும் இல்லை, சுவரும் இல்லை.

ஆகவே ஆபத்தின் வரிசை குளிர், ஈரம், வழி தவறுவது, களைப்பு என்றுதான் போகிறது. கடைக்காரரின் வரிசையோ துவக்கு, தொலைநோக்குக் கண்ணாடி, புள்ளி போட்ட உடுப்பு என்று இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உடுப்பு

முதல் விதி: பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையையும் மழையையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஜீன்ஸ், ரீ-சேர்ட், சாதாரண மேசு எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை. ஈரமானாலும் கம்பளி ஓரளவு சூடு தரும், நாலு நாள் போட்டாலும் மணக்காது. அதன்மேல் ஃபிளீஸ் அல்லது தடித்த கம்பளி. வெளியே காற்றும் மழையும் புகாத கோட்டும் காற்சட்டையும். இவற்றோடு, அசையாமல் உட்கார்ந்து மானைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் பஞ்சு வைத்த மெல்லிய கோட்டு ஒன்று. நடக்கும்போது அதைப் போடக்கூடாது. வியர்த்தால் பிறகு அந்த வியர்வையே குளிரும்.

புள்ளி, இலை, கிளை அச்சடித்த உடுப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ரெயின்டியர் மூக்கால் வாழும் விலங்கு. காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் எந்த உடுப்பும் உங்களை மறைக்காது. மங்கலான நிறம், மெதுவான அசைவு, மலை விளிம்பில் நிழலுருவாய் நிற்காமை, இவை போதும்.

சப்பாத்து

இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கணுக்காலுக்கு மேலே வரும், தண்ணீர் புகாத, அடிப்பாகம் விறைப்பான மலைச் சப்பாத்து வேண்டும். கடையில் மாலை நேரத்தில், தடித்த கம்பளி மேசோடு போட்டுப் பாருங்கள். பகல் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. வேட்டைக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, முதுகில் சுமையோடு நடந்து பழக்க வேண்டும். முதல்நாளே குதிக்கால் கொப்பளித்தால் மிகுதி நாட்கள் கூடாரத்துக்குள்தான்.

நித்திரை

நித்திரைப் பைகளின் முத்திரையில் பொதுவாக மூன்று வெப்பநிலைகள் எழுதியிருப்பார்கள். வசதியாகத் தூங்கக்கூடியது, தாங்கக்கூடிய எல்லை, உயிர் தப்பக்கூடிய கடைசி நிலை. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது சிலசமயம் மூன்றாவதாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவதை. இந்தக் காலத்துக்கு 'வசதி' என்ற இடத்தில் மறை 5 பாகை இருந்தால் நிம்மதி. கீழே போடும் பாய் நல்லதாக இல்லாவிட்டால் விலை கூடிய பையும் பயன் தராது. குளிர் நிலத்திலிருந்தும் வரும்.

கூடாரம் காற்றைத் தாங்க வேண்டும். கடற்கரையில் விரிக்கும் மலிவுக் கூடாரம் மலையில் ஓர் இரவுக்கே கிழியும். சமைக்கும் எரிவாயுவிலும் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண பியூட்டேன் பூச்சியப் பாகைக்குக் கிட்ட வந்ததும் ஆவியாகாது, அடுப்பு எரியாது. புரோப்பேன் கலந்த குளிர்காலக் கலவையை வாங்க வேண்டும்.

முதுகுப்பையும் இறைச்சியின் கணக்கும்

புதியவர்கள் மறக்கும் செலவு இதுதான். நோர்வேயில் மலைவெளியில் மோட்டார் வாகனம் ஓட்டுவது பொதுவாகத் தடை. சுட்ட மானைச் சுமந்துதான் வர வேண்டும்.

ஒரு பெண் ரெயின்டியர் உரித்துச் சுத்தம் செய்தபின் எலும்போடு ஏறத்தாழ 35 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் போனால் ஆளுக்குப் பதினேழரைக் கிலோ. கூடாரம், உணவு, துவக்கு எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே ஆளுக்கு 18 கிலோ. கூட்டினால் முப்பத்தைந்தரை. கல்லும் சேறும் நிறைந்த வழியில் இது பெரும் சுமை. இரண்டு தடவையாகச் சுமக்கலாம் என்றால், வீதி 12 கிலோமீற்றரில் இருந்தால் போக 12, திரும்பி வர 12, மறுபடி போக 12. மொத்தம் 36 கிலோமீற்றர்.

இந்தக் கணக்கை வீட்டு மேசையில் போட்டுப் பார்த்தால் இரண்டு முடிவுகள் வரும். ஒன்று, வீதியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் சுடுவது என்பதை மானைக் காணும் முன்பே தீர்மானிக்க வேண்டும். இரண்டு, முதுகுப்பை உள்ளே உறுதியான சட்டமும் அகலமான இடுப்புப் பட்டியும் உள்ளதாக இருக்க வேண்டும். சுமையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்க வேண்டும், தோளில் அல்ல.

கத்தி ஒன்று, கையுறை, இறைச்சி சுற்றும் மெல்லிய பருத்திப் பைகள் வேண்டும். பருத்திக்கு மலையில் வேலை உள்ள ஒரே இடம் இது. ஓகஸ்ட் வெயிலில் இலையான் மொய்க்கும். உடனே குடல் நீக்கி, நிழலில் காற்றுப்படக் குளிரவிட வேண்டும், பிளாஸ்ரிக் பையில் மூடக்கூடாது. இறைச்சி மிருதுவாகத் தொங்கவிடுவதற்கு இங்குள்ளவர்கள் 40 'நாள் பாகை' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சராசரி 4 பாகை என்றால் 10 நாள், 8 பாகை என்றால் 5 நாள்.

இன்னொன்று. 2016இல் நூர்ஃபியெல்லா மலைப்பகுதியில் ரெயின்டியர்களிடம் மூளையைத் தாக்கும் ஒரு நோய் ஐரோப்பாவிலேயே முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 2020இல் ஹார்டங்கர்விட்டாவிலும் கண்டார்கள். ஆகவே சில பகுதிகளில் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்க வேண்டும், தலையைச் சுமக்கவும் இடம் தேவைப்படலாம். எத்தனை மான் சுடலாம், எந்த மான் சுடலாம் என்ற ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அனுமதி அட்டையை வாங்கும்போதே அந்தப் பகுதியின் விதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

சின்னப் பொருள், பெரிய வேலை

தொலைபேசியில் வரைபடம் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். மலையில் பல இடங்களில் இணைப்பு இல்லை, குளிரில் பற்றரி வேகமாக இறங்கும். கடதாசி வரைபடமும் திசைகாட்டியும் அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் வேண்டும். தலையில் கட்டும் ரோர்ச், முதலுதவிப் பொருட்கள், செய்மதி வழியாக உதவி கேட்கும் கருவி என்பன அடுத்தவை. 'வின்செக்' எனப்படும் காற்றுப் பை கட்டாயம். புயலில் அதற்குள் புகுந்து உட்கார்ந்தால் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம்.

மானைத் தேடும் பைனோகுலருக்கு 8 அல்லது 10 மடங்கு பெருக்கம் போதும். கூடினால் கை நடுக்கமும் பெருகித் தெரியும்.

நூறு குறோணர் இருந்தால்

துவக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, மிகுதிச் செலவை 100 குறோணராக எடுத்துக்கொண்டால் நாங்கள் இப்படிப் பிரிப்போம். உடுப்புக்கு 25, சப்பாத்துக்கு 20, நித்திரைக்கும் கூடாரத்துக்கும் 20, முதுகுப்பைக்கு 15, வழியறியவும் பாதுகாப்புக்கும் 12, பைனோகுலருக்கு 8. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. நித்திரைப் பை, முதுகுப்பை போன்றவற்றை இலவசமாக இரவல் தரும் 'பூஆ' நிலையங்கள் பல நகரங்களில் உள்ளன. பழைய பொருள் சந்தையில் பைனோகுலரும் முதுகுப்பையும் நல்ல நிலையில் கிடைக்கும். சப்பாத்தையும் உள்ளாடையையும் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

வாங்கிய எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, வேட்டைக்கு முன் மழைநாள் ஒன்றில் வீட்டுக்குக் கிட்ட உள்ள காட்டில் ஓர் இரவு தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குறைகள் எல்லாம் அந்த இரவில் தெரிந்துவிடும், விடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. கணக்கியலில் 'மூழ்கிய செலவு' என்று ஒன்று உண்டு. கொடுத்து முடித்த பணம் இனித் திரும்பாது, ஆகவே அடுத்த முடிவை அது தீர்மானிக்கக்கூடாது. அனுமதி அட்டைக்கும் சப்பாத்துக்கும் இவ்வளவு கொடுத்துவிட்டோம், வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்ற எண்ணம்தான் இளம் பிள்ளைகளை மோசமான வானிலையில் இன்னும் ஒரு மேடு ஏறத் தூண்டும். நோர்வேக்காரரின் மலை விதிகள் ஒன்பதில் ஒன்று, நேரத்தோடு திரும்புங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. எமது வீடுகளில் பரீட்சைப் பெறுபேறு முதல் சம்பளம் வரை எல்லாவற்றையும் மற்றவர் பிள்ளையோடு ஒப்பிட்டே பழகிவிட்டோம். பிள்ளை இறைச்சி இல்லாமல் வீட்டு வாசலில் நின்றால், "எத்தனை மான் சுட்டாய்?" என்று கேட்காதீர்கள். ஈர உடுப்பை வாங்கி வைத்துவிட்டுச் சோற்றைப் போடுங்கள்.