ஒரு சோறும் ஒரு பானையும்

படப்பை வழியாக ஒரகடம் செல்லும் சாலையில், வேலை முறை மாறும் வேளைகளில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாகச் செல்வதை நேயர்கள் கண்டிருக்கலாம். இவ்வட்டாரத் தொழிலாளிகளிற் பலர் தொலைவிலுள்ள ஜில்லாக்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்குவோர். அவர்களிடையே ஒரு செய்தி பரவுமாயின், அதன் மெய்ம்மையை விசாரித்தறிய அவர்களுக்குள்ள வசதி சொற்பமே. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நடந்த சம்பவம் இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

ஸ்ரீபெரும்புதூர் பகுதியிலுள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். உடன் வசித்த சிலர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றித் தெளிவான தகவலும் இல்லை. ‘வராதவர் மாண்டனர்’ என்ற வதந்தி கிளம்பிற்று. டிசம்பர் 17 இரவு முதல் பெண்கள் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மரணம் எதுவும் நிகழவில்லை என்பதைக் காட்ட, சிகிச்சை பெற்றவர்களைக் காணொளி வாயிலாகப் பேசச் செய்ய வேண்டியதாயிற்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். அது பொய்யன்று, ஆனால் பானை முழுதும் ஒரே தீயில் கலந்து வெந்திருந்தால் மட்டுமே அது பொருந்தும். மனிதர் விஷயத்திலோ, அந்த ஒரு சோற்றைப் பெரும்பாலும் நமது அச்சமும் விருப்பமுமே பொறுக்கித் தருகின்றன. திரும்பாத சிலர் கண்முன் நின்றனர். ஆஸ்பத்திரியில் பிழைத்திருந்தோர் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அப்பெண்களை நகைப்பது நியாயமன்று. விடை கிடைக்காத இடத்தில் அச்சமே விடையாகிவிடுகிறது. மேலும், மரணச் செய்தி பொய்யென்றதும் ‘குறைகள் யாவும் பொய்யே’ என்று தீர்மானிப்போரும் அதே பிழையைத்தான் செய்கின்றனர். அம்மாத இறுதியில், விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் சில தனது விதிகளுக்கு இணங்கியிருக்கவில்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, அத்தொழிற்சாலையைத் தன் கண்காணிப்பில் வைத்தது. ஆகவே வதந்தி பொய், குறையோ மெய்.

இதனின்று நாம் கொள்ளவேண்டிய பாடம் இரண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டோரின் விவரங்களை அன்றே உடனிருப்போர்க்கும் பெற்றோர்க்கும் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை. மேடையேறும் தொண்டர்களோ, ‘கண்டவர் யார்? எத்தனை பேரைக் கண்டார்? காணாதவர்கள் எங்கே?’ என்னும் மூன்று வினாக்களையும் முதலில் கேட்டறிதல் வேண்டும். உரிமைக்குப் போராடுவோர்க்கு மெய்யே படைக்கலம். அதில் ஒரு பொய் கலந்தாலும், எதிர்த்தரப்பார் அதனையே காட்டி நூறு மெய்களையும் தள்ளிவிடுவர். தீர விசாரித்தல் போராட்டத்தைத் தாமதிப்பதன்று, அதற்கு வலுவூட்டுவதேயாகும்.